மொட்டை மாடியில் ஒன்பது அங்குலம்

நவம்பர் 16, சனி. இரவு 8.40.

முதலில் என் தவறை எழுதிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை மொட்டை மாடியில் ஒன்பது அங்குலம் தப்பாக அளந்தேன். அறைக்குள் சுவரின் உள்பக்கத்திலிருந்து எடுத்த அளவை, மேலே போய்ச் சுவரின் வெளி விளிம்பிலிருந்து வைத்துவிட்டேன். சுவரின் கனம் ஒன்பது அங்குலம். அதைச் சேர்க்க மறந்துவிட்டேன். கட்டடப் பராமரிப்பு மாலை வகுப்பில் முதல் மாதமே சொல்லிக் கொடுத்த பாடம் இது.

இனி எழுதப்போவதை நம்புங்கள் என்று யாரையும் கெஞ்சப் போவதில்லை. நடந்தது. அவ்வளவுதான். அடுப்பை அணைத்தேனா என்று பாதித் தெருவிலிருந்து மூன்று முறை திரும்பி வந்து பார்க்கிறவள் நான். என் கண்ணையும் காதையும் நானே சுலபத்தில் நம்புவதில்லை. அதனால்தான் எதையும் நேரம் போட்டு எழுதிவைக்கிறேன். வகுப்பில் கொடுத்த வேலைக் குறிப்பேட்டில் நான்கு கட்டங்கள்: நேரம், இடம், பார்த்தது, செய்தது. பயந்ததற்குக் கட்டம் இல்லை. அதை ஓரத்தில் எழுதியிருக்கிறேன்.

நானும் அம்மாவும் இருப்பது மேல்மாடியில். ஓர் அறை, அதில் ஒரு சமையல் மூலை, ஒட்டினாற்போல் குளியலறை. ஒரே வாசல். அது வெளிப் படிக்கட்டில் திறக்கும். அதே படிக்கட்டு இன்னும் பதினான்கு படி ஏறி மொட்டை மாடிக்குப் போகும். பகலில் நான் பெயிண்டுக் கடையில் பில் போடுகிறேன். மாலை ஆறிலிருந்து எட்டு வரை வகுப்பு. அம்மாவுக்கு நூல் மில்லில் இரண்டாவது ஷிப்ட். வீட்டுக்கு வர இரவு பத்தரை ஆகும். ஆகவே எட்டரையிலிருந்து பத்தரை வரை வீட்டில் நான் மட்டும்.

ஆறு வருடத்தில் இது எங்களுக்கு ஐந்தாவது வீடு. குடிவந்த அன்று அம்மா பாத்திர மூட்டையைப் பிரித்து, கட்டியிருந்த கயிற்றைக் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் போட்டார். "இனிமே இந்த மூட்டையைக் கட்ட மாட்டேன். கட்டணும்னா என்னையும் சேர்த்துக் கட்டு" என்றார். பதினான்கு மாதம் நன்றாகத்தான் போனது.

திங்கட்கிழமை, மூன்று நாள் அடைமழைக்குப் பிறகு, இரவு 8.45க்குக் கூரையிலிருந்து முதல் சொட்டு விழுந்தது. கூரைப் பூச்சில் தட்டு அகலத்துக்கு ஓதம் பிடித்திருந்தது. கீழே வாளியை வைத்தேன்.

செவ்வாய் காலை அளந்து, மேலே போய், அளவு காட்டிய இடத்தில் தளத்தின்மேல் பதித்திருந்த தட்டோட்டையும் அதே வரிசையில் பக்கத்து இரண்டையும் மரக்கட்டையால் தட்டிப் பார்த்தேன். ஓடு நன்றாக ஒட்டியிருந்தால் 'டொக்' என்று கெட்டியாகக் கேட்கும். அடியில் வெற்றிடம் இருந்தால் 'டொப்' என்று பானையைத் தட்டினாற்போல் கேட்கும். மூன்றும் கெட்டி. வீட்டுக்காரரிடம் அப்படியே போய்ச் சொன்னேன். அதுதான் வினையாயிற்று.

"ஓடெல்லாம் நல்லாருக்குன்னு நீயே சொல்றே. அப்போ ஒழுகுறது எதனால? உங்க அம்மா மேல வச்சிருக்காங்களே தண்ணி டிரம்மு, அந்தக் கனத்துல தளம் வெடிச்சிருக்கு" என்றார்.

"டிரம் அந்தக் கோடியில இருக்கு சார். ஒழுகுறது இந்தக் கோடியில."

"படிக்கிற பொண்ணு, உனக்குத் தெரியாததா? மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடுங்க. நான் ஆளை வச்சு மொத்தமாப் பார்த்துக்கிறேன்."

என் வாயால் கெட்டது. ஓரத்தில் எழுதியிருக்கிறேன்: அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

அன்று இரவு 8.35க்கு வீட்டைத் திறந்தபோது ஒரு சின்ன விஷயம் இடித்தது. வாளி சுவரோரம் இருந்தது. அது இருக்க வேண்டிய இடத்தில், ஓதத்துக்கு நேர்கீழே, சமையல் மூலையில் கிடக்கும் உயரமான முக்காலி நின்றது. சொட்டு முக்காலிமேல் விழுந்து தரையில் ஓடிக்கொண்டிருந்தது.

அம்மா வந்ததும் கேட்டேன்.

"ஏம்மா, முக்காலியை ஏன் அங்க போட்டே?"

"நான் எங்கடி போட்டேன்? ரெண்டு மணிக்கு நான் கிளம்பறப்போ வாளிதான் இருந்துச்சு."

"அப்போ வாளி தானா நடந்து போச்சா?"

"என்னைக் கேட்டா? நீதான் இல்லாத இடத்துல இருக்கிறதை வச்சுட்டு ஊரெல்லாம் தேடுவே."

அது உண்மைதான்.

புதன் இரவு 8.33. மறுபடியும் முக்காலி. வாளி சுவரோரம். இந்த முறை வாளியைக் குனிந்து பார்த்தேன். முக்கால்வாசி தண்ணீர். அதை நகர்த்திய தடத்தில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தியிருக்கவில்லை. நானோ அம்மாவோ முக்கால் வாளித் தண்ணீரைச் சிந்தாமல் நகர்த்துகிற ரகம் இல்லை.

9.12.

டொக்... டொக்... டொக்...

தலைக்கு மேலே. ஓதத்துக்கு வெகு அருகில். நிதானமாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு மூச்சு இடைவெளி விட்டு.

வீட்டுக்காரர் ஆள் அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தேன். டிரம்மின்மேல் பழிபோட ஏதோ செய்கிறார்கள். கோபம் வந்துவிட்டது. படியேறி ஓடினேன். மொட்டை மாடிக் கம்பிக் கதவு பூட்டியிருந்தது. பூட்டின்மேல் மழைத்தண்ணீர் கலையாமல் நின்றது. கம்பி வழியே டார்ச் அடித்தேன். தேங்கிய தண்ணீரில் மழை விழுகிற வட்டங்கள். வேறு ஒன்றும் இல்லை.

கீழே வந்தேன். 9.20. மீண்டும் மூன்று.

துடைப்பத்தின் பிடியால் கூரையை ஓங்கி மூன்று முறை குத்தினேன். "யாரா இருந்தாலும் போய்த் தூங்குங்க!" என்று கத்தினேன்.

துடைப்பத்தை இறக்கினேன்.

பிறகு, மிக மெதுவாக, ஒன்றே ஒன்று.

டொக்.

பதில் சொன்னதுபோல.

வியாழக்கிழமை வகுப்பில் என் குறிப்பேட்டை 'ரசமட்டம்' அக்கா பிடுங்கிப் பார்த்தார். அக்கா இருபது வருடக் கொத்தனார். கையில் சான்றிதழ் இல்லாததால் மேஸ்திரி ஆக்க மறுக்கிறார்கள் என்று வகுப்பில் சேர்ந்தவர். எதைப் பார்த்தாலும் முதலில் மட்டம் பார்ப்பார், மேசை, கரும்பலகை, அதில் எழுதுகிற ஆள். அதனால்தான் மட்டக் கருவியின் அந்தப் பெயர்.

"அடியே, சுவத்தோட கனத்தை எங்க விட்டே? வீட்டை என்ன அட்டையிலயா கட்டியிருக்காங்க?"

பார்த்தேன். முகம் சூடாகிவிட்டது.

"ஒரு ஓடு தள்ளித் தட்டிட்டு நல்லாருக்குன்னு சொல்லிட்டு வந்திருக்கே. பல்லு வலிச்சவனுக்குப் பக்கத்துப் பல்லைப் பார்த்த மாதிரி."

"அக்கா, இதை நம்பித்தான் அவர் காலி பண்ணச் சொல்றாரு."

அக்காவின் சிரிப்பு நின்றது. "அப்போ இன்னைக்கே மறுபடி தட்டு. சனிக்கிழமை நான் உளியோட வரேன். அந்த மனுஷனையும் வரச் சொல்லு. கண்ணெதிர்ல உடைப்போம்."

ராத்திரியில் வந்த சத்தத்தைப் பற்றி அக்காவிடம் சொல்லவில்லை. குறிப்பேட்டின் ஓரத்தில் இருந்தது. படித்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

அன்று வீட்டுக்கு வந்தபோது முக்காலி சமையல் மூலையில், அதன் இடத்தில் இருந்தது. வாளி ஓதத்தின் கீழே. சரியாக. மனசு லேசானது. 9.00க்கு மழை விட்டது.

குறிப்பேட்டில் இப்படி இருக்கிறது: "9.02. விளக்கை அணைத்தேன். கதவைப் பூட்டினேன். இழுத்துப் பார்த்தேன். சாவி என்னிடம்."

மேலே போய், கம்பிக் கதவைத் திறந்து, தேங்கிய தண்ணீரை வடிகால் பக்கம் தள்ளிவிட்டு, இந்த முறை ஒன்பது அங்குலம் சேர்த்து அளந்தேன். இரண்டு முறை. மூன்றாவது முறையும். சரியான ஓட்டில் மண்டியிட்டு மரக்கட்டையால் தட்டினேன்.

டொப்.

அடுத்தது. டொப். அடுத்த வரிசை. டொப். டொப்.

மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று ஓடு. அதற்கு வெளியே எல்லாம் கெட்டி. சதுரமாக, அளவெடுத்து வெட்டினாற்போல ஒரு வெற்றிடம். எனக்குச் சிரிப்பு வந்தது. சந்தோஷச் சிரிப்பு. டிரம்மும் இல்லை, அம்மாவும் இல்லை. இந்தச் சதுரம்தான். நாங்கள் எங்கேயும் போக வேண்டாம்.

9.31. இன்னொரு தடவை உறுதி செய்துகொள்ள நடு ஓட்டை மூன்று முறை தட்டினேன்.

டொப். டொப். டொப்.

கட்டையைக் கீழே வைத்தேன்.

டொக்... டொக்... டொக்...

நான் தட்டவில்லை.

ஈர ஓட்டில் வைத்திருந்த என் உள்ளங்கைக்கு அடியில்... அதிர்ந்தது. கீழேயிருந்து.

எங்கள் அறையிலிருந்து.

அம்மா சீக்கிரம் வந்துவிட்டார் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைக்க விரும்பினேன். போன் போட்டேன். 9.33. இரண்டாவது மணியில் எடுத்தார். பின்னால் மில் இரைச்சல்.

"என்னடி இந்த நேரத்துல?"

"எங்கம்மா இருக்கே?"

"மில்லுலதான். வேற எங்க?"

டொக்... டொக்... டொக்...

"அங்க என்ன சத்தம்?" என்றார்.

"ஒண்ணுமில்லம்மா. ஓடு தட்டுறேன்."

போனை வைத்தேன். எழுந்து கைப்பிடிச்சுவரிடம் போனேன். கீழே எட்டிப் பார்த்தேன்.

எங்கள் ஜன்னலுக்கு எதிரே, ஆறடி தள்ளி, பக்கத்துக் கட்டடத்தின் வெற்றுச் சுவர். எங்கள் அறையில் விளக்கு எரிந்தால் அந்தச் சுவரில் ஜன்னல் வெளிச்சம் மஞ்சளாக விழும்.

விழுந்திருந்தது.

அந்த மஞ்சளுக்குள் ஒரு நிழல்.

உயரமான எதன்மேலோ ஏறி நிற்கிறது. தலை பின்னால் சாய்ந்திருக்கிறது. ஒரு கை மேலே.

கை அசைந்தது. டொக்.

அசைந்தது. டொக்.

அசைந்தது...

சத்தம் வரவில்லை. கை பாதியில் நின்றுவிட்டது.

நிழலின் தலை மெல்ல ஜன்னல் பக்கம் திரும்பியது.

விளக்கு அணைந்தது.

9.36. பார்த்தேன். அப்போதும் நேரம் பார்த்தேன்.

மேலேயே இருந்துவிடலாமா என்று தோன்றியது. அம்மா வர ஒரு மணி நேரம். மழை தூற ஆரம்பித்தது. அப்போது எனக்குள் ஒன்று முறுக்கிக்கொண்டது. ஐந்து வீடு. ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் எங்களைக் கிளம்பச் சொல்லியிருக்கிறார். மகனுக்குக் கல்யாணம் என்று ஒருவர். சமையல் புகை என்று ஒருவர். ஒவ்வொரு தடவையும் தலையாட்டிவிட்டுக் கிளம்பியிருக்கிறோம். இருப்பவர்களுக்கே பயந்து ஓடியது போதாதென்று இல்லாதவர்களுக்குமா?

"கேக்குதா?" என்றேன் ஓட்டைப் பார்த்து. குரல் கீச்சென்றுதான் வந்தது. "நாங்க போக மாட்டோம். நீ என்ன வேணா பண்ணு. இது எங்க வீடு."

படி இறங்கினேன். கதவு பூட்டியபடியே இருந்தது. திறந்தேன். சுவிட்சைப் போட்டேன்.

யாரும் இல்லை.

வாளி சுவரோரம்.

ஓதத்தின் கீழே முக்காலி.

அதன் பலகை முழுக்கச் சொட்டு விழுந்து நனைந்திருந்தது. இரண்டு இடம் மட்டும் காய்ந்திருந்தது. பக்கத்தில் பக்கத்தில். முன்னால் அகன்று, பின்னால் குறுகி.

இரண்டு பாதம்.

என்னைவிடச் சின்னவை.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சொட்டு அதில் ஒன்றின்மேல் விழுந்தது.

அடுத்துச் செய்ததை இப்போது நினைத்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை. ஆனால் எழுதியிருக்கிறது, என் கையெழுத்துதான். "9.41. முக்காலியில் உட்கார்ந்தேன்." அந்த இரண்டு தடத்தின்மேலேயே. சொட்டு என் உச்சந்தலையில் விழுந்தது. முதுகில் வழிந்தது. நகரவில்லை.

10.35க்கு அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார்.

"என்னடி, குளிக்கிறியா?"

"இல்ல. இடம் பிடிச்சு வச்சிருக்கேன்."

அம்மா துண்டை எடுத்து என் தலையைத் துவட்டினார். ரொம்ப நேரம் துவட்டினார். "போன்ல எனக்கும் கேட்டுச்சு. ஓடு தட்டுற சத்தம் எனக்குத் தெரியாதா?" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டுக்காரர் சொன்னதையும்.

"பயமா இருக்கா?"

"இருக்கு."

"காலி பண்ணிடலாமா?"

"மாட்டேன்."

"சரி, சோத்தைப் போடு."

நேற்று ஒன்றும் நடக்கவில்லை.

இன்று பிற்பகல் 3.00. அக்கா உளியும் சுத்தியலுமாக வந்தார். அம்மா விடுப்பு போட்டிருந்தார். வீட்டுக்காரர் மழை இல்லாத நேரத்திலும் குடை பிடித்துக்கொண்டு வந்தார்.

"சார், டிரம் அங்க இருக்கு. ஒழுகல் இங்க. தண்ணி என்ன பஸ் பிடிச்சா வந்துச்சு?" என்றார் அக்கா. நான் குறித்திருந்த ஓட்டில் உளியை வைத்து ஒரே போடு.

ஓடு சில்லு சில்லாக வந்தது. அடியில் விரற்கடை கனத்துக்குச் சாந்து. அதற்கும் அடியில் கான்கிரீட் இருக்க வேண்டும்.

மரம் இருந்தது.

அக்கா ஒன்பது ஓட்டையும் பெயர்த்தார். ஊறிப்போன கனமான பலகை மூடி, இரண்டேகால் அடிச் சதுரம். தளத்தில் விட்டிருந்த ஒரு திறப்பை மூடியிருந்தது. யாரோ அந்த மூடியின் மேலேயே சாந்து பூசி ஓடு பதித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஓரத்து இடுக்கு வழியாகத்தான் தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஒழுகலுக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

மூடியின் ஓரத்தில் இரும்புத் தாழ்ப்பாள். அதில் துருப்பிடித்த பூட்டு. பூட்டியபடியே.

"பூட்டு எதுக்கு சார்?" என்றேன்.

"நான் வாங்கறப்போ ஓடுதான் இருந்துச்சு. எனக்கு ஒண்ணும் தெரியாது." மூடியை விட்டு இரண்டடி பின்வாங்கினார். "இங்க பாரும்மா. தப்பு உங்க மேல இல்ல, ஒத்துக்கிறேன். நீங்களே இருங்க, எத்தனை வருஷம் வேணா இருங்க. இதைத் திறக்க வேண்டாம். அப்படியே மேல கலவையைப் போட்டு மூடிடுங்க."

"திறந்தா?"

"திறந்தா மறுநாளே காலி பண்ணிடணும்."

குடையை மடக்காமலே படி இறங்கிப் போனார்.

நாங்கள் மூவரும் கீழே வந்தோம். அக்கா முக்காலிமேல் ஏறி, ஓதம் பிடித்த பூச்சைக் கொத்துக்கரண்டியால் நெம்பினார். கம்பி வலையோடு ஒரே பாளமாகப் பெயர்ந்து வந்தது. அதை வாங்கித் தரையில் வைத்துப் பார்த்தேன். நாங்கள் தினமும் பார்த்த பக்கத்தில் துடைப்பப் பிடியால் நான் குத்திய தழும்பைத் தவிர ஒரு கீறல்கூட இல்லை.

"டார்ச் அடி" என்றார் அக்கா. குரல் மாறியிருந்தது.

மூடியின் அடிப்பக்கம் முழுக்கக் குழிகள். விரல் நுனி அளவு. நூற்றுக்கணக்கில். பூச்சுக்கு உள்ளே, யாரும் தொட முடியாத இடத்தில். பழையவை கறுத்திருந்தன. நடுவில் சில வெள்ளையாக இருந்தன. அக்கா தொட்டதும் மரத்தூள் அவர் உள்ளங்கையில் உதிர்ந்தது.

புதுத் தூள்.

அக்கா இறங்கினார். வாசலுக்குப் போய் நிலையின் ஓரத்தில் நான்கு இடத்தில் பூச்சைச் சுரண்டினார். பிறகு ஜன்னல் ஓரத்தில். வெகுநேரம் பார்த்தார்.

"இங்க வா. செங்கல்லைப் பாரு. கட்டுறப்பவே வாசல் விட்டிருந்தா ஓரம் நேரா இருக்கும். இது உடைஞ்ச செங்கல்லு. மேல சுவரைத் தாங்குற உத்தரமும் இல்ல. முழுச் சுவரா இருந்ததைப் பிற்பாடு உடைச்சுத்தான் வாசல் வச்சிருக்காங்க. ஜன்னலும் அப்படித்தான். குளியலறைக் கதவும்."

"அப்போ அதுக்கு முன்னாடி இந்த ரூமுக்கு எது வழி?"

அக்கா மேலே பார்த்தார்.

பூட்டு வெளிப்பக்கம் இருந்தது.

மாலை 5.50க்கு மழை பிடித்துக்கொண்டது. திறப்பின்மேல் தார்ப்பாயைக் கட்டிவிட்டு அக்கா கிளம்பினார். வாசலில் நின்று, "மூடுறதா, திறக்கிறதா? இருக்கப்போறவங்க நீங்க. நீங்கதான் சொல்லணும்" என்றார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். ஐந்தாவது வீடு. வெட்டிப்போட்ட கயிறு. மூடினால் எத்தனை வருடம் வேண்டுமானாலும் இருக்கலாம்.

"உள்ள இருந்து தட்டுனா திறக்கணும். இதுல கேக்க என்ன இருக்கு?" என்றார் அம்மா.

"வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்வாரும்மா."

"சொல்லட்டும். ராத்திரி ஒன்பது மணிக்கு இங்க வந்து, விளக்கை அணைச்சுட்டு, தனியா நின்னு சொல்லட்டும். கேட்டுக்கிறேன்."

நாளை, ஞாயிறு. காலை 7.00. அக்கா இரும்பு அறுக்கும் ரம்பத்தோடு வருவார். முதலில் பூட்டை அறுக்க வேண்டும். மூடியைத் தூக்க வேண்டும். தட்டியவர் போகும்வரை, அம்மா சரி என்று சொல்லும்வரை, திறந்தே வைத்திருக்க வேண்டும். கம்பி கட்டுவதும் கலவை போடுவதும் அதற்குப் பிறகு.